பெண் குதித்தால் பூமி அதிருமா?

பாடாலூர்ப் பக்கத்துப் பெற்றோர் சிலர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பியிருக்கின்றனர். பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழா நெருங்குகிறது. ஓட்டத்திலும் கபடியிலும் இறங்குவோர் இறங்க, எஞ்சிய மாணவியர் சிலர் வண்ணக் காகிதக் குஞ்சங்களைக் கையில் ஏந்தி, தத்தம் அணியின் பெயரை உரக்கச் சொல்லி, எண்ணிக்கை தவறாமல் துள்ளிக் குதித்து உற்சாகமூட்ட வேண்டுமாம். அமெரிக்கர் ‘சியர்லீடிங்’ என்று அழைக்கும் கலையின் முதற்பாடம் இது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆசையோடு வந்து அனுமதி கேட்கிறாள். தந்தை முகம் சுளிக்கிறார். “வயதுக்கு வந்த பெண் குதிக்கலாமா?” என்கிறார் பாட்டி. தாயார் இடையில் நின்று தவிக்கிறார்.

நம் விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். அவள் குதிக்கட்டும். ஆனால் எழும்பக் கற்குமுன் இறங்கக் கற்கட்டும். இவ்விரண்டில் முதலாவதற்குத் தடை போடுவதில் நாம் காட்டும் அக்கறையை இரண்டாவதைக் கற்பிப்பதில் காட்டுவதில்லை என்பதே நம் மனக்குறை.

தந்தையின் முகச்சுளிப்புக்குக் காரணம் நமக்குத் தெரியாததன்று. 2008-ஆம் ஆண்டில் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது, எல்லைக் கோட்டருகே மேடையமைத்து அரைகுறை ஆடையில் பெண்களை ஆடவிட்ட காட்சி வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் வந்தது. அன்றுமுதல் ‘சியர்லீடர்’ என்ற சொல்லே நம் குடும்பங்களில் ஒரு கூச்சத்தைக் கிளப்புகிறது. அக்கூச்சத்தில் நியாயமும் உண்டு. பெண்ணைக் காட்சிப் பொருளாக்கும் வணிகத்தை நாமும் விரும்பவில்லை. எனினும் உடை வேறு, குதிப்பு வேறு. ஒன்றன்மேல் உள்ள வெறுப்பை மற்றதன்மேல் சுமத்தலாமா?

இக்கலை பிறந்த கதையைக் கேட்டால் தந்தையர் சிலர் வியப்படையக்கூடும். 1898-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகக் கால்பந்தாட்டத்தின்போது ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் வந்து நின்று கோஷத்தை வழிநடத்தினார். அதுவே தொடக்கம் என்று கொள்கின்றனர். அடுத்த கால் நூற்றாண்டுக்கு இது முழுக்க முழுக்க ஆண்களின் வேலையாகவே இருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1923-இல்தான். பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசனோவர், இராணுவக் கல்லூரியில் கால்பந்தாடி முழங்காலைக் கெடுத்துக்கொண்ட பிறகு, இவ்வாறு கோஷமெழுப்பும் குழுவில் சேர்ந்தவர். ஆண்கள் செய்தபோது அது தலைமைப் பண்பு, பெண்கள் செய்யும்போது அடக்கமின்மை என்று பேசுவது எவ்வகை நீதியோ! இன்று இது முறையான போட்டி விளையாட்டாகவும் வளர்ந்திருக்கிறது. இதன் உலகக் கூட்டமைப்புக்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2021-இல் முழு அங்கீகாரம் அளித்தது.

“அயல்நாட்டுச் சரக்கு நமக்கெதற்கு?” என்று கேட்போரும் உளர். பாடாலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மாலை வேளையில் வலை கட்டி இளைஞர் ஆடும் கைப்பந்தும் அமெரிக்காவில் 1895-இல் பிறந்ததுதான். அதை யாரும் அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதில்லை. மேலும், குதிப்பு நமக்கு என்று அயலாயிற்று? நொண்டி, பாண்டி, கயிறு தாண்டுதல், பச்சைக்குதிரை ஆகியவை எல்லாம் குதிப்பன்றி வேறென்ன? பரதநாட்டியம் பயிலும் சிறுமிக்குக் குதித்து மெட்டடவு என்றே ஒரு பாடம் உண்டு. அபிநய தர்ப்பணம் என்னும் பழைய நூல் நாட்டியத்தில் எழும்பிக் குதிக்கும் வகைகளை ‘உத்பிலவனம்’ என்று பெயரிட்டு ஐந்தாக வகுத்திருக்கிறது. விவிலியம் அறிந்த நம் வாசகருக்குத் தாவீது அரசர் பேழையின் முன் துள்ளி ஆடியதையும், அதைச் சாளரத்தின் வழியே கண்டு மீக்கால் இகழ்ந்ததையும் நினைவூட்ட வேண்டுவதில்லை.

இனிப் பாட்டியின் வினாவுக்கு வருவோம். உண்மையில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பத்து வயதுவரை தெருவில் நொண்டியாடிய சிறுமியிடம், பருவமடைந்த மறுநாள் முதல் ‘ஓடாதே, குதிக்காதே, மெல்ல நட’ என்கிறோம். கருப்பை இறங்கிவிடும், பிள்ளைப்பேறு கெடும் என்றும், வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் வேறு சில அச்சங்களையும் மூத்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றனர். நலமான சிறுமி குதிப்பதால் கருப்பைக்கோ பிற்காலப் பிள்ளைப்பேற்றுக்கோ தீங்கு வருவதில்லை. மாதவிலக்கு நாள்களிலும் உடல் இடங்கொடுத்தால் குதிக்கலாம். வலியோ சோர்வோ இருந்தால் ஓய்ந்திருக்கலாம். அதை அவளே தீர்மானிக்கட்டும்.

இவ்வச்சம் நம் பாட்டிமாருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லவேண்டும். 1896-இல் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே ஆண்கள் நீளம் தாண்டினர், உயரம் தாண்டினர், மும்முறைத் தாண்டினர். பெண்கள் உயரம் தாண்ட 1928 வரையிலும், நீளம் தாண்ட 1948 வரையிலும், மும்முறைத் தாண்ட 1996 வரையிலும் காத்திருந்தனர். பனிச்சரிவில் சறுக்கித் தாண்டும் போட்டி பெண்களுக்குக் கிட்டியது 2014-இல்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புகூட, அவ்விளையாட்டின் உலகத் தலைவர் ஒருவர் மருத்துவ நோக்கில் இது பெண்களுக்கு ஏற்றதன்று என்று பேசினார். படித்த ஐரோப்பியரே அப்படிப் பேசியிருக்க, நம் பாட்டியைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை.

மருத்துவம் இன்று கூறுவதோ இதற்கு நேர்மாறானது. எலும்பு உயிருள்ள பொருள். தன்மேல் விழும் அதிர்வுக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்வது. நடப்பதைவிடவும் நீந்துவதைவிடவும் குதித்து இறங்குவதே அதற்கு வலிய தூண்டுதல். ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் சுமக்கப்போகும் எலும்பின் ஏறத்தாழக் கால் பங்கு, அவள் விரைந்து வளரும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது என்று கனடாவில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வு காட்டியது. அந்த இரண்டாண்டுகள் பெண்களுக்குப் பெரும்பாலும் 12, 13 வயதையொட்டி வருகின்றன. அதாவது, ‘குதிக்காதே’ என்று நாம் சொல்லத் தொடங்கும் அதே ஆண்டுகள்! அப்போது சேமிக்காத எலும்பைப் பின்னர் முழுதும் ஈடுசெய்ய முடிவதில்லை. மாதவிடாய் நின்றபின் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் மூதாட்டியரை எண்ணிப் பார்க்கும்போது, பதின்மூன்று வயதில் அவர்கள் குதித்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

ஒரு தந்தையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 2003-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் 6.70 மீட்டர் நீளம் தாண்டி, உலகத் தடகளப் போட்டியில் இந்தியாவுக்கு முதற்பதக்கம் பெற்றுத் தந்தவர் சங்கனாச்சேரிப் பகுதியில் பிறந்த அஞ்சு பாபி ஜார்ஜ். அவரை முதன்முதலாக விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் சென்றவர் அவருடைய தந்தையே.

இனிக் கற்கும் முறை. ‘பெண் நடந்தால் பூமி அதிரக் கூடாது’ என்று நம் முதியோர் சொல்வதுண்டு. அடக்கத்துக்காகச் சொல்லப்பட்ட அவ்வார்த்தை, குதிப்புப் பயிற்சிக்கு அப்படியே பொருந்திவிடுவது வேடிக்கை. எத்துணை உயரம் எழும்பினாலும் இறங்கும்போது ஓசை கேட்கக் கூடாது. ‘தொம்’ என்று ஒலித்தால் தரை தந்த அடியை எலும்பும் மூட்டும் நேரே வாங்கிக்கொண்டன என்று பொருள். ஓசையின்றி இறங்கினால் தசைகள் அதைத் தாங்கிக்கொண்டன. இறங்கும் நொடியில் கால்கள் ஏற்கும் விசை உடல் எடையைப் போலப் பன்மடங்கு என்பதை மறவாதீர்கள்.

ஆகவே முதல் வாரம் குதிப்பே வேண்டாம். வாசற்படி ஒன்றின் உயரத்திலிருந்து இரு காலும் ஒருசேரத் தரையில் படுமாறு இறங்கச் சொல்லுங்கள். விரலடி முதலில் படவேண்டும், குதிகால் பின்னர். முழங்காலும் இடுப்பும் மடிய வேண்டும். முதுகு கூனாமல் மார்பு நிமிர்ந்திருக்க வேண்டும். அந்நிலையிலேயே மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். தாயார் எதிரே அமர்ந்து ஒன்றைமட்டும் கவனிக்கட்டும்: மகளின் முழங்கால்கள் பாதங்களுக்கு நேராக முன்னோக்கி மடிகின்றனவா, அல்லது ஒன்றையொன்று நோக்கி உட்புறம் சாய்கின்றனவா? பருவ வயதுப் பெண்களிடம் இவ்வுட்சாய்வு மிகுதி. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் தசைநார் கிழிவதற்கு இதுவே முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஓடிக் குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இக்காயம் இரண்டு மடங்குக்கு மேல் நேர்கிறது. கிழிந்தால் அறுவை மருத்துவம், பல மாத முடக்கம். நல்ல செய்தியும் உண்டு. இறங்கும் முறையையும் தொடைத் தசையின் வலிமையையும் ஒழுங்காகப் பயிற்றுவித்த இடங்களில் இக்காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. தடை செய்யச் செலவிடும் பேச்சைத் திருத்தச் செலவிடலாகாதா?

இறங்கும் வகை கைவந்தபின் எழும்பலாம். இதற்கு எட்டு எண்ணிக்கை உண்டு. ஆதி தாளத்துக்கும் எட்டுதானே! முதல் இரண்டில் பாதம் சேர்த்து, கைகளை மார்பின் முன் கோத்து நிமிர்ந்து நிற்பது. மூன்று, நான்கில் கைகளைத் தலைக்குமேல் விரித்து உயர்த்துவது, குதிகால் எழும்பும். ஐந்தில் கைகளைக் கீழ்நோக்கி வீசி முழங்காலை மடிப்பது. ஆறில் கைகளை மேலே வீசிக்கொண்டே எழும்புவது. ஏழில் இறங்குவது. எட்டில் நிமிர்வது. கைவீச்சு அலங்காரத்துக்காக அன்று. சுவரில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, கையை இடுப்பில் வைத்து ஒருமுறையும், வீசி ஒருமுறையும் குதித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். உயரத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கைகளே ஈட்டித் தருகின்றன.

முதற்குதிப்பு நேர்க்குதிப்பு. அம்புபோல் எழும்பி அம்புபோல் இறங்குவது. பலரும் இதை எளிதென்று தாண்டிப் போகின்றனர், அது தவறு. நேர்க்குதிப்பில் முன்னும் பின்னும் நகராமல் புறப்பட்ட இடத்திலேயே இறங்கப் பழகாதவள், மற்றவற்றில் தோழியின்மேல் விழுவாள். அடுத்தது விண்மீன் குதிப்பு. காற்றில் கையையும் காலையும் நாற்புறமும் விரித்து, தரையைத் தொடுமுன் கால்களைச் சேர்த்துவிடுவது. பள்ளித் தேகப்பயிற்சியில் கைகால் விரித்துச் சேர்க்கும் பயிற்சியைச் செய்த எவருக்கும் இது பாதி தெரிந்த பாடம். மூன்றாவது, முழங்கால்களை மார்பை நோக்கி முடக்குவது. இதில் மார்பைக் குனித்து முழங்காலைத் தேடக் கூடாது. முழங்கால்தான் மேலே வரவேண்டும்.

‘ஹெர்கி’ என்றொரு குதிப்பு உண்டு. ஒரு காலைப் பக்கவாட்டில் நேராக நீட்டி, மறு காலை மடித்து எழும்புவது. லாரன்ஸ் ஹெர்கிமர் என்ற அமெரிக்கரின் பெயரால் இது வழங்குகிறது. 1948-இல் இக்கலைக்கென ஒரு சங்கம் நிறுவி, கோடைதோறும் பயிற்சி முகாம் நடத்தும் வழக்கத்தைப் பரப்பியவர் அவரே. நம் பிள்ளைகள் கையில் ஏந்தும் குஞ்சம் இருக்கிறதே, அதற்குக் காப்புரிமை பெற்றவரும் அவரே (1971).

எல்லாரும் ஆசைப்படுவது ‘விரல் தொடல்’ என்னும் குதிப்பு. கால்களை இருபுறமும் அகல விரித்து, இடுப்புயரத்துக்கோ அதற்கு மேலோ தூக்குவது. பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். கால்விரலைத் தொடக் கையைக் கீழே இறக்கி முதுகை வளைத்தால் குதிப்பு கெட்டது. கை தோளுயரத்தில் நிற்க, கால் கையை நோக்கி வரவேண்டும். தொடையின் பின்புறத் தசை நெகிழவும், அடிவயிற்றுத் தசை வலுப்பெறவும் மாதக்கணக்கில் ஆகும். தரையில் கால்களை அகட்டி அமர்ந்து, முதுகை வளைக்காமல் ஒவ்வொரு காலாக உயர்த்திப் பழகட்டும். விளையாட்டு விழா மூன்று வாரத்தில் என்றால், இதை விட்டுவிடச் சொல்லுங்கள். நேர்க்குதிப்பும் விண்மீனும் பத்துப் பேர் ஒரே நொடியில் எழும்பி ஒரே நொடியில் இறங்கினால் அதுவே கண்கொள்ளாக் காட்சி. ஆளுக்கொரு நேரத்தில் எழும்பும் உயர்ந்த குதிப்பைவிட அது மேல்.

நாளொன்றுக்கு முப்பது குதிப்புக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் போதும். எலும்பும் தசையும் இடையிட்ட ஓய்வில்தான் வலுப்பெறுகின்றன. காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுடையவர் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. மகள் சற்றுக் குதித்ததுமே மூச்சு வாங்கி முகம் வெளுத்தால், சோம்பல் என்று கடியாமல் இரத்தத்தைச் சோதியுங்கள். கேழ்வரகுக் கூழைப் பழமை என்று நாம் ஒதுக்கிவிட்டோம். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்கும் கிடையாது.

இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்; அவ்வெடிப்பில் கால் சிக்கினால் கணுக்கால் பிரளும். மழை பெய்தாலோ களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும். மக்காச்சோளம் உலர்த்தும் சிமெண்டுக் களம் சமமாக இருக்கிறதே என்று பிள்ளைகள் அங்கே ஓடுகின்றனர். அதைவிடக் கடினமான தரை இல்லை. கோரைப் பாயை விரித்தால் வழுக்கும். வைக்கோலைப் பரப்பினால் கால் புதைந்து திரும்பும். சமமான மண் தரையில் கல்லும் சீமைக்கருவேல முள்ளும் பொறுக்கி, நீர் தெளித்துப் பெருக்கி, இலேசாக மணல் தூவிக்கொள்வதே நமக்குக் கைகூடும் நல்ல ஏற்பாடு. பள்ளியில் இரப்பர் விரிப்பு இருந்தால் இன்னும் நன்று. வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். காலுக்குத் தட்டையான அடியுள்ள கான்வாஸ் காலணி போதும். செருப்புடன் குதித்தல் ஆகாது.

உடையைக் குறித்துத் தந்தையார் கவலைப்பட வேண்டுவதில்லை. முழுநீளக் காற்சட்டையும் தளர்ந்த மேற்சட்டையும் எந்தக் குதிப்புக்கும் தடையல்ல. துப்பட்டா மட்டும் வேண்டாம். காலில் சிக்கினால் ஆபத்து. பொருத்தமான உள்ளாடை வாங்கித் தருவது தாயாரின் பொறுப்பு. அது இல்லாத கூச்சத்தினாலேயே எத்தனையோ பெண்கள் விளையாட்டை விட்டு விலகுகின்றனர், வெளியே சொல்வதில்லை. பயிற்சியையும் விழாவையும் கண்டவர் எல்லாம் கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்புவதைத் தலைமையாசிரியர் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டுப் பெறலாம். மகள் தனக்கு விருப்பமில்லை என்றால், ஆசிரியர் தேர்ந்தெடுத்துவிட்டார் என்பதற்காக அவளை வற்புறுத்தவும் வேண்டாம்.

ஒன்றில் மட்டும் நாம் பாட்டியின் பக்கம் நிற்கிறோம். ஒருத்தியின் தோள்மேல் மற்றொருத்தி ஏறி நிற்பது, நால்வர் சேர்ந்து ஒருத்தியை மேலே எறிந்து பிடிப்பது ஆகியவற்றைக் கைப்பேசியில் கண்டு பிள்ளைகள் செய்து பார்க்க முனைவர். அமெரிக்காவில் இவ்விளையாட்டில் தலையிலும் கழுத்திலும் நேரும் கொடுங்காயங்கள் பெரும்பாலும் இவற்றினாலேயே வருகின்றன. பயின்ற பயிற்றுநரும் தடித்த விரிப்பும் இல்லாத இடத்தில் அவை அறவே கூடாது.

குதிக்கும்போதோ இறங்கும்போதோ முழங்காலுக்குள் ‘பட்’டென்று ஒலித்து, சில மணி நேரத்துக்குள் வீங்கினால், எண்ணெய் தேய்த்து உருவிவிடும் வழக்கத்தை அன்று கைவிடுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை இருபது நிமிடம் ஒற்றி, காலை உயர்த்தி வைத்து, அவளை நடக்கவிடாமல் எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீக்கம் வடிந்துவிட்டதே என்று மருத்துவர் பார்க்குமுன் மீண்டும் குதிக்க விடாதீர்கள்.